வூட்டுக்காரர் விட்ட உதை

தேவிகாபுரம் போகும் பஸ் ஆரணியை விட்டுக் கிளம்பியதும், முன்சீட்டில் இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

“அக்கா, நேத்து எங்க வூட்டுக்காரரு என்னை உதைச்சிட்டாரு!”

முகமெல்லாம் சிரிப்பு.

“உதை வாங்கிட்டு சிரிக்கிறியே! அவருதான் பக்கவாதம் வந்து படுத்துகினு இருக்காரே?”

“விளங்காம போன அந்தக் காலாலதாங்க்கா உதைச்சாரு! முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு பொண்ணு வூட்டுக்கே வந்து பயிற்சி குடுக்குதில்ல? ‘காலை நீட்டுங்க, மடக்குங்க’ன்னு சொல்லிச் சொல்லி அதுக்கே பேஜாராயிடுச்சு. கால் அசையல. நேத்து என்ன தோணுச்சோ, ‘தறியில எப்படி மிதிப்பீங்க?’ன்னு கேட்டுச்சு. நான் ஜல்தியா அவரு பாதத்துல என் ரெண்டு கையையும் மிதிகட்டை மாதிரி வெச்சு, ‘மிதிங்க, பொடவை பாதியில நிக்குது’ன்னேன். மிதிச்சாரு பாரு, நான் போய் செவுத்துல மோதினேன்!”

“அய்யய்யோ! அந்தப் பொண்ணு தூக்கி வுட்டுச்சா?”

“எங்க? அது கைதட்டிகினு, ‘இன்னொரு வாட்டி கையை வைங்க’ன்னுச்சு. வெச்சேன். மறுபடியும் மிதிச்சாரு.”

முழங்கையில் நீலம் பாரித்த இடத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“வலிக்குதா?”

“வலிக்குதுக்கா!” என்றாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.