நல்லாப் பாத்துச் சொல்லு

ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை என் மகள் ரப்பர் வைத்துக்கொண்டதே இல்லை, டாக்டர். கணக்கு நோட்டில் நேராகப் பேனாவால்தான் எழுதுவாள். வாங்கித் தரட்டுமா என்று கேட்டால், "அது தப்புப் பண்றவங்களுக்கும்மா, எனக்கெதுக்கு?" என்பாள். திமிர் இல்லை. வெயில் நாளில் குடை எதற்கு என்பதுபோலச் சொல்வாள்.

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று யோசித்து எழுதிவரச் சொன்னீர்கள். அவளைக் கேட்டால் தெரியாது என்பாள். இருபது வயதாகிறது. சாப்பிட்டோமா இல்லையா என்பதையே என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறாள். கதவைத் தாழிட்டுவிட்டு ஏழெட்டு முறை எழுந்து போய்ப் பார்க்கிறாள். தன் பெயரை எழுதும் முன்பும் என் முகத்தைப் பார்க்கிறாள். ஆரம்பித்த நாள் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைக்கான கனத்த வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டி, அதில் கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போடுவேன். எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை. "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" பல வருடமாக இதே கேள்விதான். அதில் நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. முதல் தடவை கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார்கள். அதே வில்லையைக் கழற்றி, அதையே திரும்பப் போட்டுக் கேட்டால் தயங்குவார்கள். மூன்றாவது தடவை கேட்டால், கண்ணில் ஒரு குறையும் இல்லாதவர்கூடக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நீங்களே சொல்லுங்களேன்" என்பார்.

அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அவளுடைய கணக்கு டீச்சர் கண்ணாடி மாற்ற வந்தார். சட்டத்தை மாட்டியபடியே பேசினார்.

"உங்க பொண்ணு ஒரு கணக்கைப் போட்டு வெச்சா, அதைப் பாத்து நான் என் விடையைத் திருத்திக்கறேன். அப்படி இருக்கு என் பொழப்பு." சிரித்தார். "வெளியூர்ல ஒரு பள்ளிக்கூடம் இருக்கும்மா, கணக்குல கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்குன்னே. நுழைவுத் தேர்வு எழுதணும், அங்கேயே தங்கிப் படிக்கணும். இவ கண்ணை மூடிக்கிட்டு எழுதினாலே கிடைச்சிடும். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா, பாருங்க."

சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் இடது கண்ணுக்கு வில்லை மாற்றினேன்.

அவள் அப்பாவும் வெளியூர் போனவர்தான். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, "நல்லா யோசிச்சுட்டேன்" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. போனவர் போனவர்தான். அன்றைக்கு இன்னொரு தடவை யோசித்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கணக்கு வராது. எட்டாவதோடு நின்றவள். அவள் நோட்டில் இருப்பது சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. ஆனால் முகம் பார்க்கத் தெரியும். கணக்கு இடக்கு செய்தால் கீழுதட்டைக் கடிப்பாள். சரியாக வந்துவிட்டால் புருவம் இறங்கி, அப்போதுதான் அலம்பிவிட்டதுபோல் ஆகிவிடும் முகம். பேனா மூடியை டிக்கென்று போடுவாள்.

அந்தச் சத்தம் கேட்டதும் நான் கேட்பேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லு, கண்ணு."

"பாத்துட்டேம்மா."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

முதல் மாதம் சிரித்தாள். "இருபடிச் சமன்பாடு தெரிஞ்ச அம்மா, நீங்களே வந்து போடுங்க" என்று கேலி செய்தாள். இரண்டாம் மாதம் ஒவ்வொரு விடையையும் சமன்பாட்டில் திரும்ப வைத்துச் சரிபார்க்க ஆரம்பித்தாள். நல்ல பழக்கம்தானே, பாடப்புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. பிறகு சரிபார்த்ததைச் சரிபார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு முடிக்கும் கணக்குகளில் நான் தலையிடவில்லை. "சரியாத்தான் இருக்கும், விடு, சாப்பிட வா" என்பேன்.

ஒருநாள் கடையிலிருந்து வந்து பார்த்தபோது மேசைமேல் பென்சிலும் ரப்பரும் இருந்தன. அவளே போய் வாங்கியிருந்தாள். நோட்டில் ஒரு பக்கம் அழித்து அழித்துக் கிழிந்திருந்தது. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு தடவைகூட நான் தப்பு என்று சொன்னதில்லை, டாக்டர். தேர்வன்று காலையிலும் தலையைக் கோதிவிட்டு, "ஒவ்வொண்ணையும் நல்லாப் பாத்து எழுது, கண்ணு" என்றுதான் அனுப்பினேன். எந்த அம்மாவும் சொல்வதுதான்.

இரண்டு மாதம் கழித்து டீச்சர் கடைக்கு வந்தார். அந்தப் பள்ளிக்கே போய் அவள் விடைத்தாளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"இருபது கணக்கும்மா. இருபதையும் சரியாப் போட்டிருக்கா. போட்டு, அடிச்சிருக்கா. ஒண்ணு விடாம அடிச்சுட்டு, பக்கத்துல தப்பா எழுதி வெச்சிருக்கா. நான் இப்படி ஒரு பேப்பரைப் பாத்ததே இல்ல. வீட்ல யாராவது ஏதாவது சொன்னீங்களா?"

"நான் என்னத்தைச் சொல்றது டீச்சர், எனக்குக் கணக்கே தெரியாதே" என்றேன்.

அது உண்மைதான். தேர்வில் பென்சில் கூடாதாம், அதனால்தான் அடித்ததெல்லாம் தெரிந்துவிட்டது.

உள்ளூரிலேயே பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள், கணக்கு இல்லாத பிரிவில். பாதியில் நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். தேவைப்படவில்லை, இப்போது அவளேதான் கேட்கிறாள். வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்துகொண்டே இருக்கிறது. அடுப்பை அணைச்சேனாம்மா. இது என் செருப்பாம்மா. நான் இப்ப அழுதேனாம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு அவள் கையில் அகப்பட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை. கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்லம்மா. நீ கேட்டுக் கேட்டுத்தான் நான் இப்படி ஆனேன்."

குரலில் கோபம் இல்லை. புருவம் இறங்கி, முகம் அலம்பிவிட்டதுபோல் இருந்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன். எத்தனை அழகு என்பதை மறந்தே போயிருந்தேன்.

விடை சரி, டாக்டர். நீங்கள் கேட்டதற்கும் அதுதான் விடை. அந்த ஒரு தடவையாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"நல்லாப் பாத்துச் சொல்லு, கண்ணு" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழுதட்டைக் கடித்தாள்.

"தெரியலம்மா. நீயே சொல்லேன்."

மறுநாள் காலையில்தான் அவளை உங்களிடம் கூட்டிவந்தேன். இந்தத் தாளை மட்டும் அவளிடம் காட்ட வேண்டாம். பாவம், குழம்பிப்போவாள்.