எட்டரை மணிக்கு ஒரு போனு

அய்ய, அதெல்லாம் பார்த்தாச்சி தம்பி. செட்டிங்ஸ் உள்ள போயி, வெளிய வந்து, ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, எல்லாம் ஆச்சி. திண்டிவனத்துல மூணு கடைக்காரனும் நோண்டிட்டு, இனிமே வராதுன்னுட்டான். அதான் பஸ் ஏறி விழுப்புரத்துக்கே வந்துட்டேன். நீயும் அதையே சொன்னா எப்படி?

போனு நல்லாத்தான் இருந்திச்சி. நேத்து சார்ஜ் போட்டுட்டு துணி துவைச்சிக்கினு இருந்தேன், அதுவா அப்டேட் ஆயிடுச்சி. நான் கேட்டனா? இருந்ததை எடுத்துட்டு புதுசா ஒரு ஏஐ வச்சிருக்கான். உங்களுக்கு எப்படி உதவட்டும்னு அது என்னைக் கேக்குது. எடுத்ததைத் திருப்பிக் குடுடான்னேன். மன்னிக்கவும், புரியலைன்னுது. பேஜாரு.

எதுவா? அதான் தம்பி, ஃபேக் கால். டைம் வச்சிட்டா, கரெக்டா அந்த நேரத்துக்கு போனு தானா அடிக்கும். யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க, ஆனா நாம வச்ச பேரும் போட்டாவும் வரும். காதுல வச்சிக்கினு எழுந்து போயிட வேண்டியதுதான்.

சிரிக்கிற. பஸ்ல மூட்டுவலிக் கதை சொல்றவங்க, மகளிர் குழு மீட்டிங்குல உடாம பேசற காந்திமதி, எல்லார்கிட்டருந்தும் அதான் என்னைக் காப்பாத்திச்சி. எங்க தெருவுல பாதிப் பேரு வச்சிருந்தாங்க. ஒரு தடவை சர்ச்சுல பங்குச்சாமி பிரசங்கம் ஒரு மணி நேரம் தாண்டிச்சி. போனு அடிச்சிது பாரு, கோயிலே என்னை நன்றியோட பார்த்திச்சி. ஆண்டவர் மன்னிச்சிருப்பாரு, அவரும்தான கேட்டுக்கினு இருந்தாரு.

பழைய வெர்ஷனைப் போட்டுக் குடு. எல்லாம் அழிஞ்சிடுமா? அழியட்டும். ஒரு போட்டாவை மட்டும் எடுத்து வச்சிக்க. மத்ததெல்லாம் மல்லாட்டைக் கொட்டை காய வச்சது, கோழி, என் கட்டை விரலு.

ஜல்தியா பண்ணு தம்பி. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எட்டேகாலுக்குப் பூசை முடியும். வாசல்ல எங்க நாத்தனார் கிளாரா நிப்பா. அவ பொண்ணு ஜெர்லின் கனடாவுல இருக்குது. தினம் வீடியோல வந்து, பாத்திரம் கழுவற மிஷினைக்கூட காட்டுது. கிளாரா அதைப் பத்தி அக்குவேறா ஆணிவேறா சொல்லி முடிச்சிட்டு என் பக்கம் திரும்புவா. அப்ப எனக்கு போனு அடிச்சே ஆவணும்.

முடியவே முடியாதா? கம்பெனிக்காரனே தூக்கிட்டானா? மூணு வருசமா வாரம் தவறாம வச்சிக்கினு இருக்கறவ நானு, ஒரு வார்த்தை கேக்க வேணாமா?

இந்தப் போட்டாவா? ஸ்டீபன்ராஜ். எம் புள்ளை, துபாய்ல இருக்கான். அட நல்லாத்தான் இருக்கான், ஃபேஸ்புக்குல பார்க்கறேன். வெயிட்டு போட்டுட்டான். அவன் பேசி மூணு வருசம் ஆச்சி. சண்டைல நான் ஒரு வார்த்தை உட்டுட்டேன். அதை உடு.

இன்னா அமல்ராணி, ஸ்டீபன் பேசினானான்னு கேப்பா தம்பி கிளாரா. இத்தினி பேரு முன்னாடி கேப்பா.

சரி, ஒண்ணு பண்ணு. உன் நம்பரைச் சொல்லு. ஸ்டீபன்ராஜுன்னு போட்டு, இந்தப் போட்டாவையே வச்சிக்கறேன். நாளைக்கு எட்டரைக்கு ஒரு போனு போடு. கடை லீவுன்னா வீட்லருந்து போடு.

நீ ஒண்ணும் பேச வேணாம், நானே பேசிக்குவேன். சாப்பிட்டியான்னு கேக்கற வரைக்கும் மட்டும் வச்சிடாத.