பாதி வாடகை

— அந்த வீட்ட மட்டும் விட்டுடுங்கம்மா. இதே இதாபாஷி ஏரியால வேற காட்டறேன்.

— நீங்க காட்டின வீட்டுக்காரங்க எல்லாம் என் வயசக் கேட்டதும் ஃபோன வச்சிட்டாங்களே, கனெமாரு தம்பி.

— எழுபத்தொண்ணுன்னா யோசிக்கறாங்க. அதுவும் தனியா இருக்கறவங்கன்னா... பாருங்க, எப்படிச் சொல்றது.

— உள்ள செத்துக் கிடந்தா வீட்டுக்கு மதிப்புப் போயிடும். தாராளமாச் சொல்லுங்க, எனக்கொண்ணும் ஆயிடாது.

— அதேதாம்மா.

— இதுல ஏற்கெனவே ஒருத்தர் செத்தாச்சு. இனிமே போறதுக்கு என்ன இருக்கு?

— நல்லா வியாபாரம் பேசறீங்க. என் வேலைக்கு நீங்க வந்துடலாம்.

— அதனாலதானே பாதி வாடகை?

— ஆமா. அறுபத்திரெண்டாயிரம் யென்னுக்குப் போற வீடு, முப்பத்தோராயிரம். பாருங்க, கையெழுத்துக்கு முன்னாடி நான் சொல்லியாகணும். உள்ள இருந்தவர் போன கோடையில இறந்துட்டார். மாரடைப்பு. கதவத் திறக்க நாளாயிடுச்சு.

— என்ன வயசு?

— நாப்பது இருக்கும்.

— பேரு?

— அதச் சொல்லக் கூடாதும்மா.

— எந்தப் பக்கமாக் கிடந்தார்?

— ஜன்னலோரம். தரையெல்லாம் பேத்துப் புதுசாப் போட்டாச்சு. புத்தத் துறவி வந்து மந்திரமும் ஓதிட்டார்.

— அங்கேர்ந்து பாத்தா ரயில் தெரியுமா?

— நல்லாத் தெரியும். சத்தமும் உண்டு. ஏம்மா, தூக்கம் வராதா உங்களுக்கு?

— சும்மா கேட்டேன். தேடிக்கிட்டு யாருமே வரலையா?

— அம்மா இருந்தாங்களாம். ரெண்டாங் கல்யாணம் பண்ணிட்டு எங்கயோ போயிட்டாங்க, விலாசம் கிடைக்கல. வார்டு ஆபீஸ்காரங்களே தகனம் பண்ணிட்டாங்க.

— சாமானெல்லாம்?

— ஆள் வச்சு அள்ளிட்டோம். கொடில ஒரு சட்டை காஞ்சுக்கிட்டிருந்தது, அது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு. இதெல்லாம் கேக்கவே நல்லா இருக்காதும்மா. அதான் வேண்டாம்னேன்.

— வேணும். வீட்டுக்காரர் என்ன சொன்னார்?

— சரின்னுட்டார். உங்ககிட்ட ஒளிக்க எனக்கு மனசு வரல. நடுவுல யாராவது ஒருத்தர் குடியிருந்துட்டுப் போயிட்டாப் போதும், அதுக்கப்புறம் வர்றவங்ககிட்ட நாங்க அதப் பத்தி வாயத் திறக்க மாட்டோம். எங்க வழக்கம் அது. வாடகையும் பழையபடி ஏறிடும்.

— அப்போ அந்தப் பையனத் துடைச்சுவிடத்தான் நான்.

— நான் அப்படிச் சொல்லலம்மா.

— அதுக்காகத்தானே வீட்டுக்காரர் என் வயச மறந்துட்டார்? கையெழுத்துக்கு என் பேர் முத்திரைய எங்க குத்தணும்?

— இங்க. அவசரத்துக்குக் கூப்பிட யார் பேர் எழுத? பிள்ளைங்க இருக்காங்களா?

— ஒரே பையன். பேச்சில்ல.

— சரி, என் நம்பரையே போட்டுக்கறேன். பாருங்க, ரெண்டே வருஷம் இருங்க. அப்புறம் நானே வேற நல்ல வீடாப் பாத்துத் தரேன். அந்த மனுஷன் அங்க இருந்தார்ங்கற பேச்சே அதோட முடிஞ்சிடும்.

— நான் அங்கேர்ந்து காலி பண்ணப் போறதில்ல தம்பி. நான் போயிட்டா, ஷூஹெய்னு எனக்கொரு பிள்ளை அங்க இருந்தான்னு சொல்ல ஆளிருக்காது.