வலது கன்னத்தில் ஒரு மச்சம்

பூஜை போடுகிற இடத்தில் செருப்போடு நிற்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும், சார். என் பட்டறையில் சாதாரண நாளிலேயே செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வருவார்கள். அப்படியிருக்க, ஆயுதபூஜை அன்றைக்குக் கற்பூரம் ஏற்றுகிற நேரத்தில் என் மனைவி எழில்மதியிடம் போய், செருப்பைப் போட்டுக்கொள் என்று ஏன் சொன்னேன்? இதைத்தானே வந்ததிலிருந்து கேட்கிறீர்கள். சொல்கிறேன். அதை மட்டும் தனியாகச் சொன்னால் விளங்காது. பலகையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

உளுந்தூர்பேட்டை பைபாஸில் நாராயணசாமி முதலாளி ஓட்டல் வைத்திருக்கிறார். எழில்மதிக்கு அங்கே சமையல்கட்டில் வேலை. முதலாளி சென்னையில் பழைய சாமான் விற்கிற இடத்திலிருந்து ஒரு பின்பால் மெஷினை வாங்கி வந்திருந்தார். கண்ணாடிக்கு அடியில் சரிவாக ஒரு பலகை. இரும்புக் குண்டை ஸ்பிரிங்கால் அடித்து மேலே அனுப்பினால் அது விளக்கிலும் ரப்பரிலும் மோதி மோதி இறங்கும். கீழே விழாமல் பொத்தானை அழுத்தித் தட்டிவிட வேண்டும். ஓட்டலில் எல்லோரும் அதைக் குண்டு மெஷின் என்றார்கள். சாப்பிட வருகிற பிள்ளைகள் ஆடட்டும் என்று முதலாளிக்கு ஆசை. ஆனால் குண்டு ஓடி ஓடிப் பலகையில் பெயிண்ட் போய், மரம் தெரிந்து, மரமும் குழி விழுந்திருந்தது. குதிரைமேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு வெள்ளைக்காரிக்கு முகமே இல்லை. ஆயுதபூஜைக்குள் புதுப் பலகை போட்டு ஓட விட வேண்டும் என்றார். எழில்மதி என் பெயரைச் சொன்னாள்.

நான் சங்கராபுரம் பக்கம் கல்குவாரியில் ஜல்லி உடைத்து வளர்ந்தவன். பிறகுதான் மர வேலைக்கு வந்தேன். என்னை ஒருவன் புகழ்ந்தாலும் வைதாலும் எனக்கு ஒன்றுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குப் பொறாமை என்று ஓட்டலில் யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஓட்டலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வேலையை வைத்துக்கொண்டேன். மெஷினைப் பிரித்துப் பழைய பலகையை எடுத்து, புதுப் பிளைவுட் மேல் வைத்து ஓட்டைகளைக் குறித்தேன். விளக்குக்கு ஓட்டை, ரப்பர் மாட்டுகிற கம்பிக்கு ஓட்டை, குண்டு விழுகிற குழி. நூல் பிசகினால் குண்டு நேராக ஓடாது. ஒரே ஓர் ஓட்டை மட்டும் இடம் மாறி விழுந்தது. சமையல்கட்டுப் பக்கம் எழில்மதி சிரிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன், அப்போது டிரில் நகர்ந்துவிட்டது. மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, தேய்த்து, சமமாக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதில் ஒன்றுமில்லை.

அவளைச் சிரிக்க வைத்தது சின்னராசு. கல்வராயன் மலைக்காரன். லாரிகளுக்கு பெயிண்ட் அடிக்க இறங்கி வந்து உளுந்தூர்பேட்டையிலேயே தங்கிவிட்டவன். பலகையில் படம் வரைய முதலாளி அவனைக் கூப்பிட்டிருந்தார். என்னை அண்ணன் என்பான், அவளை அண்ணி என்பான். பலகையை அவனிடம் கொடுத்த அன்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தான்.

"இன்னா பலகண்ணே இது! கண்ணாடியாட்டம் கீது. பிரஷ்ஷு தானா ஓடும் போல."

புகழ்ந்து பேசுகிறவன் எதற்கோ அடி போடுகிறான் என்பது என் அனுபவம்.

வெள்ளைக்காரி வேண்டாம், நம்ம ஊர்ப் படமாக இருக்கட்டும் என்றார் முதலாளி. சின்னராசு மலையை வரைந்தான், அருவியை வரைந்தான், அருவி ஓரத்தில் ஈரத் தலையைக் கோதிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணை வரைந்தான். நன்றாகத்தான் வரைந்திருந்தான். அதை நான் மறுக்கவில்லை. லாரிக்காரர்கள் தட்டோடு கொட்டகைக்கு வந்து, நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

"யார்யா வரைஞ்சது? இப்போ பேசிடுவா போல கீது."

"சின்னராசு, ஒங் கையில சாமி ஒக்காந்துகினு கீதுடா," என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பி, "பலகையும் நல்லாத்தான் கீது, இருசப்பா," என்றார்.

பலகையும். அந்த உம்மை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான் இழைத்த மரம் அத்தனையும் அவனுடைய பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது. குண்டு நேராக ஓடுவது யாரால் என்று குண்டைத் தட்டுகிறவனுக்குத் தெரியாது. போகட்டும். அதற்காக யாரும் யாரையும் கொல்ல மாட்டார்கள்.

அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. எழில்மதிக்கும் கன்னத்தில் மச்சம் உண்டு. அவளுக்கு இடது பக்கம், படத்தில் வலது பக்கம். ஒருத்தியைக் கண்ணாடியில் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வரைந்தால் பக்கம் மாறித்தான் வரும். ஓட்டலில் கை கழுவுகிற இடத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறது. நான் அங்கே போய் நின்று பார்த்தேன். சமையல்கட்டு அதில் தெரிகிறது.

ஒரு மத்தியானம் நான் ஆணி வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது இரண்டு பேரும் பலகைக்கு முன்னால் நின்றார்கள். அவன் மச்சத்தை விரலால் தொட்டு என்னவோ சொன்னான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

"இன்னா சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணுமில்லண்ணே, சும்மா," என்றான் அவன்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கேட்டேன். "ஒண்ணுமில்ல வுடுங்க," என்று சோறு போட்டாள். நான் கத்தவில்லை, கை நீட்டவில்லை. இதுவரை அவள்மேல் கை வைத்ததில்லை, நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் பலகையை மெஷினில் பொருத்தினேன். வயர்களையும் நான்தான் மாட்டினேன். பச்சை எர்த் வயரை மாட்ட மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. மாட்டாமல் விட்டேன். அது மட்டும் போதாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மிச்சத்தையும் செய்தேன். மெஷினின் முன்பக்கம் கை வைக்கிற இரும்புப் பட்டை மொத்தமும் கரண்ட்டில் இருந்தது. வேறு யாரும் தொட்டுவிடக் கூடாது என்று பிளக்கைப் பிடுங்கி வைத்து, பூஜை வரைக்கும் காவலாக அங்கேயே நின்றேன். அந்த அளவுக்கு எனக்குப் பொறுப்பு உண்டு.

பூஜைக்குத் தரை முழுக்கக் கழுவி விட்டிருந்தார்கள். பூசணிக்காய், பொரி, எல்லாம் வந்துவிட்டது. முதல் ஆட்டம் யார் ஆடுவது என்ற பேச்சு வந்தது. முதலாளி தானே ஆடலாம் என்று கிட்டே போனார். நான்தான் தடுத்தேன்.

"மொதலாளி, தம்பி கையால ஆரம்பிக்கட்டும். படம் அவுரோடது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி என் தோளைத் தட்டினார். இத்தனை நாளில் அந்த ஓட்டலில் என்னை ஒருவர் தட்டிக்கொடுத்தது அப்போதுதான். சின்னராசுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க ஆடுங்கண்ணே. பலகை ஒங்களுது," என்றான்.

"ஆடு தம்பி," என்றேன்.

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஈரத்தில் நின்று, இரும்புப் பட்டையில் மூன்று விரலால் சந்தனம் இழுத்துக் குங்குமம் வைத்தான். எழில்மதி ஆரத்தித் தட்டோடு அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் கிட்டே போய்ச் சொன்னேன்.

"செருப்பப் போட்டுக்கோ. தர ஈரமாக் கீது."

"பூசையில நின்னுகினு யாருனா செருப்பு போடுவாங்களா? இன்னா ஆச்சு ஒங்களுக்கு?"

"சொன்னாக் கேளு. அப்டித் தள்ளி நில்லு."

முறைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். செருப்புப் போடவில்லை. அதை அவள் உங்களிடம் சொல்லிவிட்டாள், அதில் எனக்கு வருத்தமில்லை. கேட்டால் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும்.

பிளக்கைச் சொருகிவிட்டு சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்துக்கொண்டு, கோயிலில் கும்பிடுகிறவனைப் போல நெற்றியைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

"போடட்டுமா, தம்பி?"

"போடுண்ணே."

போட்டேன். விளக்குகள் எரிந்தன. அருவி மின்னியது, ரொம்ப அழகாக இருந்தது. அவன் கத்தவில்லை. மெஷின்மேல் கவிழ்ந்த மாதிரி நின்றான். எல்லோரும் அவன் படத்தைக் குனிந்து பார்க்கிறான் என்று நினைத்துக் கை தட்டினார்கள். நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன், அதை எல்லோரும் பார்த்தார்கள். சுவரில் கையை நீட்டினால் எட்டுகிற தூரம். கொஞ்சம் நிதானமாகத்தான் நீட்டினேன்.

இதுவரை நான் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுகிறேன். இன்னும் ஒன்றுதான் இருக்கிறது.

நேற்று நீங்கள் அனுமதி கொடுத்து எழில்மதி வந்தாளே, அவள் அழவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை உற்றுப் பார்த்தாள்.

"அன்னிக்கு நாங்க இன்னாத்துக்குச் சிரிச்சோம் தெரியுமாய்யா ஒனக்கு? பலகையில நீ ஒரு ஓட்டையத் தப்பாப் போட்டு அடச்சி வச்சிருந்த. எத்தினி தபா பெயிண்டு அடிச்சாலும் அது கருப்பாத் தெரிஞ்சிகினே இருந்துதாம். 'மச்சமாக்கிட்டேன் அண்ணி, அண்ணனாண்ட சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படும். மொதலாளிக்குத் தெரிஞ்சா அண்ணன் பேரு கெட்டுடும்'னு சொல்லிச்சி அந்தப் புள்ள. 'ஒங்க அண்ணன் கையிக்கும் தப்பு வருதா'ன்னு நான் சிரிச்சேன். ஒன் மானத்தக் காப்பாத்தினவனைக் கொன்னுட்டு ஒக்காந்துகினு கீற."

போய்விட்டாள். இனி வர மாட்டாள் என்று நினைக்கிறேன்.

நான் இரவெல்லாம் யோசித்தேன். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். பலகை உங்களிடம்தான் இருக்கிறது, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், பசை வைத்த இடம் தெரியும். மச்சத்துக்கு நேர் பின்னால்தான் இருக்கும்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள், சார். ஒரு புள்ளியை மறைக்க நினைக்கிறவனுக்கு எத்தனையோ வழி இருக்கிறது. முகத்தைக் கொஞ்சம் தள்ளி வரைந்துவிட்டு, அந்த இடத்தில் அவன் ஒரு பூ வைத்திருக்கலாம்.