ரிமோட் காருக்கு லாரி கிரீஸ்

எண்ணூர் மின்சார ரயிலில் என் எதிரே இரண்டு லாரி மெக்கானிக்குகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் திடீரென்று, “ஒரு பொம்மக் காரு என் மானத்த வாங்கிடுச்சு மாமு,” என்றார்.

“இன்னாத்துக்கு?”

“கப்பல்ல வேல செய்ற தோஸ்து, ரேஸ் வுடுற ரிமோட் கார குடுத்து, சக்கரத்த சுத்த வுடுற டிஃப்ரன்ஷியல கழுவித் தரச் சொன்னான். உள்ள கடுகு மாதிரி பால்ரஸ் குண்டு. குண்டு வழுக்காம புடிக்கணும்னு அதுக்குன்னு தனி கிரீஸும் குடுத்தான். நான் பெரிய மெக்கானிக்காச்சே, லாரி கிரீஸ பூசிட்டேன்.”

“அப்பால?”

“ரேஸ்ல குண்டு வழுக்கிடுச்சு. மோட்டார் கத்துது, காரு நகரல. நேத்து கப்பல் ஏறப் போவும்போது, ‘நான்தான் ஸ்க்ரூவ தப்பா முடுக்கிட்டேன், உன் உழைப்பு வீணாப்பூட்ச்சு, மன்னிச்சுக்கோ’ன்றான்.”

“நீ இன்னா சொன்ன?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“‘பரவால்ல, வுடு’ன்னு மன்னிச்சுட்டேன்.”