நடுக்கத்தை எண்ணிய பெட்டி

நடுநாயகமாக வீற்றிருந்து இந்தப் படிப்பக ஆண்டு விழாவை நடத்தித் தரும் தனக்கொடி அம்மையார் அவர்களே! பாரிசில் படித்தாலும் முதலியார்பேட்டைக்கே மருத்துவம் பார்க்க வந்த டாக்டர் ஏலேன் அவர்களே! முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் பக்கிரி, ரேடியோ பழுது பார்ப்பவன். ஊமைப் பெட்டிகளைப் பேச வைத்தவனை இன்று நீங்கள் பேச வைத்துவிட்டீர்கள். என்ன, பின்னால் கேட்கவில்லையா? இந்த மைக்கு நான் பழுது பார்த்தது அல்ல ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள்!

முடிதிருத்தும் ஆதிமூலத்தை அறியாதார் இங்கே உண்டா? முப்பது ஆண்டுகளாக நம் முகங்களுக்கு முழுநிலவின் பொலிவைத் தந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. புதுச்சேரியில் ஒருவன் கை நடுங்கினால் ஊர் என்ன சொல்லும்? அதோ, ஒருவர் சைகையே காட்டிவிட்டார்! சாராயக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவரைக் குடிகாரர் என்றது ஊர். அவர் கடை நாற்காலி காலியானது. நானும் போகவில்லை, தாய்மார்களே. நானும்தான் போகவில்லை.

டாக்டர் அம்மையார் பார்த்து, இது குடியல்ல, பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் என்று மாத்திரை தந்தார். ஆனால் என்ன விந்தை! காலை பத்து மணிக்கு மருத்துவர் முன் நிற்கும்போது கை கற்சிலை. கடைக்குத் திரும்பினால் காற்றில் ஆடும் கீற்று.

"அவங்க எதிர்ல ஆட மாட்டேங்குது பக்கிரி. நான் பொய் சொல்றேன்னு நெனைச்சிடுவாங்களே" என்று என் கடையில் வந்து கலங்கினார்.

பொய் என்று நினைத்தாரா டாக்டர்? இல்லை! மறுநாளே என் கடைப்படி ஏறி, பிரெஞ்சு மரியாதையோடு அழைத்தார்.

"மெஸ்யே பக்கிரி, நாள் பூரா அவர் கூட நான் இருக்க முடியாது. கையில ஏதாச்சும் கட்டி அனுப்ப முடியுமா?"

முடியும் என்றேன். முடியுமா என்று பிறகுதான் யோசித்தேன்! இசைத்தட்டின் அதிர்வை ஒலியாக்கும் ஊசித்தலை, கையின் அதிர்வையும் உணராதா? அதில் ஒரு துளி ஈயம் ஒட்டி, மணிக்கட்டில் கட்டினேன். இடுப்பில் ஒரு பெட்டி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் எண் ஏறும். ஆள் வராத கடையிலும் பழக்கத்தால் கத்திரிக்கோலை ஆட்டிக்கொண்டே இருந்தார்; முதல் நாள் எண்கள் மலையாய்க் குவிந்தன. டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது நடுக்கத்த எண்ணல, கத்திரிக்கோல எண்ணியிருக்கு!"

அப்புறம், அரைமணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கையை மடியில் வைக்கச் சொன்னோம். அவர் மனைவி குஞ்சம்மாள் கடிகாரம் பார்த்து எண்களை எழுதினார். நான்கே நாளில் உண்மை வெளிச்சமானது. காலை ஆறு மணி மாத்திரை பதினோரு மணிக்கே களைத்துவிடுகிறது. அடுத்த மாத்திரையோ இரண்டு மணிக்கு. இடைப்பட்ட மூன்று மணி நேரமும் புயல்! டாக்டர் மருந்தைக் கூட்டவில்லை; அதே அளவை ஐந்தாகப் பிரித்து, வேளையை மாற்றினார்.

இரண்டு வாரத்தில் எண்கள் இறங்கின. கடை காத்திருந்தது. யாராவது வந்தார்களா? ஒருவரும் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நட்டநடுப் பகல், முன்பு புயலடித்த அதே பன்னிரண்டு மணிக்குப் போய் நாற்காலியில் அமர்ந்தேன். சவரக் கத்தி என் தொண்டைக்கு வந்தது.

"பயமா கீதா பக்கிரி?"

"இல்லண்ணே."

பொய்! என் கால்தான் நடுங்கியது. சிரிக்காதீர்கள், நீங்களும் உட்கார்ந்திருந்தால் தெரியும்! ஆனால் அந்தக் கத்தியோ, அமைதியான நீரில் ஓடம் போல் போயிற்று. கண்ணாடியில் பார்த்தேன். என் முகத்தை அல்ல; பின்னால் நின்ற அவர் முகத்தை. கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு.

வாசலில் வேடிக்கை பார்த்து நின்றவர்களில் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். "அடுத்தது யாரு?" என்றார் ஆதிமூலம். அந்தக் குரலில் இருந்த கம்பீரத்தை எந்த வானொலியிலும் நான் கேட்டதில்லை!

நோய் தீர்ந்ததா? தீரவில்லை. ஆனால் பழி தீர்ந்தது! நடுங்கும் கையைக் கண்டால் நாவை அடக்குவோம்; காரணத்தைத் தேடுவோம்; கதவைத் தட்டுவோம்! கேட்ட உங்களுக்கும், அழைத்த படிப்பகத்துக்கும், கழுத்தைத் திருப்பித் தந்த ஆதிமூலத்துக்கும் என் நன்றி, வணக்கம்!