ஏழாம் தொட்டியின் மண்

தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை யாரும் ஒரு வேலையாக மதிப்பதில்லை. நான் பதினேழு ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். குவளையால் வேரடியில் மட்டும் மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டுக் குழாயைத் திறந்துவிட்டால் ஒரு தொட்டி மண் இன்னொரு தொட்டியில் தெறித்துவிடும். நீங்கள் விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், மேடம், உங்களுக்கு நேரம் குறைவு. ஆனாலும் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திண்டிவனத்தில் மரக்காணம் சாலையில் இருக்கும் அந்தச் சிறிய தனியார் ஆய்வகத்தில் நான், குமரேசன், உதவியாளன். அங்கே நாங்கள் வளர்ப்பது தக்காளியை அல்ல, அதன் வேருக்குள் இருக்கும் நூற்புழுவை. கண்ணுக்குத் தெரியாத புழு. வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும், செடி பசியில் வாடும். ஊருக்கு ஊர் இதன் வகை மாறும். ஒரு ஊர்ப் புழு கத்தரியை ஒரு கை பார்த்துவிட்டு மல்லாட்டையை, அதுதான் நிலக்கடலையை, தொடாமல் விட்டுவிடும். இன்னொரு ஊர்ப் புழு மல்லாட்டையையும் விடாது. எந்த நிலத்தில் எது இருக்கிறது என்று தெரிந்தால்தான் அங்கே எதை விதைக்கலாம் என்று சொல்ல முடியும். அதற்காக எங்கள் பழைய தலைவர் அரங்கநாதன் ஐயா விழுப்புரம் சுற்றி இருபத்துமூன்று நிலங்களில் புழு எடுத்து, இருபத்துமூன்று தொட்டிகளில் வைத்து, என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றார்.

அடுத்த கோடையில் என் மகள் பானுப்ரியாவின் கல்யாணத்துக்கு நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். மோட்டார் பழுதாகி ஒன்பது தொட்டிகள் காய்ந்துபோயின. வேர் செத்தால் புழுவும் செத்தது. ஏழாம் தொட்டி மட்டும் எதற்கும் அசராது. மேல்மலையனூர்ப் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் எடுத்த புழு அது. அதிலிருந்து ஒன்பதுக்கும் ஆளுக்கொரு பிடி மண் போட்டு, புதுத் தக்காளி நட்டேன். எண் எழுதிய தகடுகளை அப்படியே விட்டுவிட்டேன். காலித் தொட்டியைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

அதற்கடுத்த கோடைகளிலும் சில தொட்டிகள் செத்தன. அதே மாதிரி நிரப்பினேன். ஆறு ஆண்டுகளில் இருபத்துமூன்றிலும் ஏழாம் தொட்டிப் புழுதான் இருந்தது. பதிவேட்டில் இருபத்துமூன்று ஊர்களும் என் கையெழுத்தில் ஒழுங்காக இருந்தன.

போன ஆண்டு ஆனி மாதம் அஸ்வினி வேலைக்குச் சேர்ந்தது. நல்ல பெண், என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடும். புழுவின் மரபணுவைப் பிரித்துப் பார்ப்பது அதன் வேலை. ஒரு நாள் மதியம் காகிதத்தோடு வந்து நின்றது.

"அண்ணே, இருபத்திமூணு தொட்டியும் ஒரே புழுவா வருது. எங்கனா கலந்துபோச்சா?"

நான் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தேன். குரல் மாறவில்லை.

"அதெல்லாம் இல்லம்மா. நெலத்துல என்னா இருக்குதோ அதான் தொட்டியில இருக்கும்."

"அப்ப சரிண்ணே. மாசி மாசம் அதே நெலத்துலெல்லாம் போயி திரும்ப எடுத்துப் பாத்துடலாம். நீங்களும் வந்து எடத்தக் காட்டுங்க."

அன்று இரவு வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொட்டிகளைத் திருத்த வழியில்லை, செத்த புழு செத்ததுதான். நிலங்களைத் திருத்த எட்டு மாதம் இருந்தது. இப்படிச் சொன்னால் உங்களுக்கு விபரீதமாகக் கேட்கும். எனக்கு அப்போது பாதி எழுதிய பதிவேட்டை முடித்து வைப்பது மாதிரிதான் இருந்தது.

ஏழாம் தொட்டி மண்ணில் கத்தரி நாற்று வளர்த்தேன். ஆடி பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மயிலம், ஒலக்கூர், வானூர், விக்கிரவாண்டி என்று ஊர் ஊராகப் போய், பதிவேட்டில் குறித்த நிலத்துக்காரர்களுக்கு இலவச நாற்று என்று கொடுத்தேன். ஆய்வகத்து ஆள் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? குறித்த இடத்திலேயே நடுங்கள் என்று காட்டிவிட்டும் வந்தேன். மேல்மலையனூர் நிலத்தைத் தொடவில்லை, அது ஏற்கெனவே சரியாக இருந்தது. மிச்சம் இருபத்திரண்டு.

இருபத்தோரு நிலம் சிக்கலில்லாமல் முடிந்தது. லூர்துமேரி நிலம்தான் இழுத்தது.

திருவக்கரைக்குப் போகும் வழியில் அவருக்கு அரை ஏக்கர் இருக்கிறது. அவரும் கணவர் பிரான்சிஸும் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தே வளர்ந்தவர்கள். அவர்கள் வம்சத்தில் பட்டா என்று ஒன்று முதன்முதலில் எழுதப்பட்டது லூர்துமேரி பெயரில்தான். வருஷம் தவறாமல் மல்லாட்டை போடுவார். அந்த மண்ணில் இருந்த புழு மல்லாட்டையைத் தொடாத வகை. அதைச் சொல்லி, பயமில்லாமல் போடுங்கள் என்று அந்தக் காலத்தில் யோசனை கொடுத்தவனே நான்தான்.

ஐப்பசியில் போய்ப் பார்த்தால் நிலத்தில் ஒரு கத்தரிகூட இல்லை. சார் ஆசையாகக் கொடுத்தது என்று அத்தனையையும் வீட்டுப் பின்பக்கம், பாத்திரம் கழுவும் இடத்தில் நட்டு வளர்த்திருந்தார். எனக்கு ஒரு பை நிறைய காய் பறித்துக் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாசிக்கு நான்கு மாதம்தான் இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் அவர்கள் விதைக்கத் தயாரானபோது இரண்டு மூட்டை மண் கொண்டுபோனேன். ஏழாம் தொட்டி வகையறா மண்ணில் வேர்களைப் பொடியாக நறுக்கிக் கலந்திருந்தேன்.

"மண்ண எதுக்கு சார் அவ்ளோ தூரத்துலருந்து தூக்கிக்கினு வர்றீங்க?" என்றார் லூர்துமேரி.

"சத்துள்ள மண்ணும்மா. தூவிட்டு வெதைங்க, நல்லா வரும்."

"நீங்க சொன்னா சரிதான் சார். ஏங்க, கூடைய எடுத்துக்கினு ஜல்தியா வாங்க."

இருவரும் கூடையில் அள்ளி, கையால் தூவினார்கள். மூலை முடுக்குக்கூட விடவில்லை. வேலையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மாசியில் அஸ்வினியோடு போனேன். மற்ற நிலங்களில் எல்லாம் எதிர்பார்த்தபடியே கிடைத்தது. லூர்துமேரி நிலத்தில் அது குனிந்து ஒரு மல்லாட்டைச் செடியைப் பிடித்தது. முடிச்சு இருக்க வேண்டும் தாயே, அமாவாசைக்கு வந்து விளக்குப் போடுகிறேன் என்று அங்காளம்மனை வேண்டிக்கொண்டேன். செடி வந்தது. வேர் முழுக்க முடிச்சு. பிஞ்சுக் காய்களின் மேலும் மரு மருவாக இருந்தது.

"அய்யோ, இதென்னா சார் இப்படி ஆயிடுச்சு? நாங்க என்னா சார் தப்பு பண்ணோம்?" என்று லூர்துமேரி கேட்டார். பிரான்சிஸ் வரிசையாகச் செடிகளைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டே போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை. அந்த அமாவாசைக்குப் போய் விளக்கும் போட்டேன்.

ஆய்வு முடிவும் வந்தது. நிலமும் தொட்டியும் ஒன்று. அஸ்வினி என்னிடம் மன்னிப்புக் கேட்டது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஐயா முதன்முதலில் எடுத்த புழுக்களில் கொஞ்சம் சாராயக் குப்பிகளில் போட்டுப் பழைய அலமாரியில் வைத்திருந்தார். எனக்கே மறந்துவிட்டது. அஸ்வினி அதையும் எடுத்துப் பார்த்திருக்கிறது.

"அண்ணே, அப்ப அஞ்சு வக இருந்திருக்குது. இப்ப எல்லா ஊர்லயும் ஒண்ணே ஒண்ணுதான் கெடைக்குது. அத்தினி நெலமும் எப்படிண்ணே தொட்டி மாதிரி மாறும்?"

நான் குவளையை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போனேன். கத்தரி நாற்று யார் கொடுத்தது என்று அது ஊர்களில் விசாரித்துக்கொண்டது.

நூற்புழு ஒரு நிலத்தில் ஏறினால் இறங்காது. தலைமுறைக்கும் இருக்கும். பிரான்சிஸ் இப்போது சென்னையில் கட்டட வேலைக்குப் போய்விட்டார். லூர்துமேரி மறுபடியும் அடுத்தவர் நிலத்தில் களை எடுக்கிறார். அரை ஏக்கரைச் செங்கல் சூளைக்காரன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. தெரிந்தே செய்தேனா என்று. தெரிந்தேதான் செய்தேன், இருபத்திரண்டு நிலத்திலும். லூர்துமேரி நிலத்தில் இரண்டு முறை. ஆனால் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மண் தூவி முடித்த அன்று அவர் சொம்பில் மோர் கொண்டுவந்து, குடிப்பேனோ மாட்டேனோ என்று தயங்கி நின்றார். அவர்கள் தெருவில் கை நீட்டி வாங்கிக் குடிக்க எங்கள் பக்கத்து ஆட்கள் யோசிப்பார்கள். நான் வாங்கி, அவர் கண் முன்னாலேயே முழுவதும் குடித்தேன். மற்றவர்களைப் போல அவர் மனதை நோகடிக்க என்னால் முடியாது, மேடம்.